அஃப்ஷானின் கடைசி குவார்ட்டர்

செல்போன் அலறியது.

டிரெஸ்ஸிங் ரூமில் ஷூ லேஸை முடிந்துகொண்டிருந்த அஃப்ஷான் குனிந்தபடியே எடுத்தாள். திரையில் அத்தாவின் பெயர்.

"சொல்லுங்கத்தா... கிளம்பிட்டியளா? நாலு மணிக்கு மேட்ச்சு!"

மறுமுனையில் அத்தா இல்லை.

"உங்க அத்தா எங்ககிட்ட பத்திரமா இருக்காரு" என்றது ஒரு கரகரத்த குரல். "கையையும் காலையும் மட்டும் கட்டியிருக்கோம்."

அஃப்ஷான் லேஸை விட்டுவிட்டு எழுந்தாள்.

"யா... யாரு நீங்க?"

"அது உனக்கு எதுக்கு? மூணு குவார்ட்டர் இஷ்டம்போல ஆடு. கடைசிக் குவார்ட்டர்ல உன் கையால ஒரு பாயிண்ட்... ஒரே ஒரு பாயிண்ட் விழுந்தாலும், அபுதாஹிர் உசுரோட வீடு திரும்ப மாட்டாரு. போலீசுக்குப் போனா அதுக்கும் முன்னாலயே முடிஞ்சிரும்!"

பின்னால் யாரோ இருமினார்கள்.

அத்தா!

காலையில் கழுகுமலைக்கு பைக்கில் போனவர்... லைன் துண்டிக்கப்பட்டது.

பெண்கள் கூடைப்பந்து லீக்கில் இந்த சீசனின் ஆச்சரியமே கோவில்பட்டியின் 'கரிசல் குயின்ஸ்'தான். பதினான்கு ஆட்டம், பதினொரு வெற்றி. காரணம், ஆறடி ஓர் அங்குல அஃப்ஷான். இன்று 'கொங்கு ஈகிள்ஸ்' அணியுடன் இறுதி ஆட்டம், அதுவும் சொந்த ஊரில்! பத்துப் பத்து நிமிடமாய் நான்கு குவார்ட்டர். தீப்பெட்டி செய்யும் ஆபீஸ்கள்கூட அரை நாள் லீவு விட்டிருந்தன.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்க?"

உள்ளே வந்தவர் கார்த்திகேசன். டீமின் மேனேஜர்.

அஃப்ஷான் திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள். அவர் சட்டென்று கதவைச் சாத்தினார்.

"யார்ட்டயும் மூச்சு விடாத. கப்பு அடுத்த சீசன்லயும் வரும். அத்தா வருவாவளா?"

"வாசல்ல எஸ்.ஐ. மேடம் நிக்காவ அண்ணாச்சி... அவியகிட்ட..."

"கிறுக்கா ஏட்டி? எவன் எங்க இருந்து பார்க்கானோ!"

நியாயமாகத்தான் பட்டது.

விசில்!

கேலரியில் கடலை கொறித்தவன், செல்போனில் பேசியவன், சும்மா கொட்டாவி விட்டவன்... எல்லா முகமும் கொலைகாரன் முகமாகத் தெரிந்தது. வழக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டே போட்டுவிடுகிற பந்துகள்கூட வளையத்தைத் தொட்டுவிட்டு வெளியே விழுந்தன.

மூன்று குவார்ட்டர் முடிந்தது. 58-58.

இரண்டு நிமிட இடைவேளை. அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். கார்த்திகேசன் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார்.

"பயப்படாத தாயி. மோட்டார் ரூம்ல நல்லா காத்து வரும். அவியளுக்கு ஒண்ணும் ஆகாது."

அவள் பாட்டிலை வாயிலிருந்து எடுத்தாள்.

மோட்டார் ரூமா?

அந்தக் குரல் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

இடைசெவலில் கார்த்திகேசனுக்குப் பருத்திக்காடு உண்டு. நடுவில் ஒரு மோட்டார் ரூம். சீசன் தொடக்கத்தில் டீமுக்கே அங்கேதான் கிடா விருந்து வைத்தார்.

கத்தலாமா? அவர் கையில் போன் இருந்தது. கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும்... அத்தா கதை முடிந்துவிடும்!

"சரிங்க அண்ணாச்சி" என்றாள்.

கடைசிக் குவார்ட்டர்.

ஐந்து பவுல் செய்தவள் வெளியேற வேண்டும். அவள் பெயரில் ஏற்கெனவே மூன்று.

முதல் நிமிடத்திலேயே எதிரணிப் பெண்ணின் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். விசில்! நான்கு!

"ஏம்மா... கைய வச்சிட்டு சும்மா இரு!" கோச் மாயகிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

நாற்பது விநாடி. தோளால் ஒரு இடி. விசில்!

ஐந்து!

கேலரி 'ஐயோ' என்றது. கார்த்திகேசன் உதட்டோரம் ஒரு திருப்தி. களத்திலேயே இல்லாதவள் எப்படி பாயிண்ட் எடுப்பாள்?

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே நடந்த அஃப்ஷான், வாசலில் நின்ற எஸ்.ஐ. ஐஸ்வர்யாவின் மேல் தடுக்கியதுபோல் சாய்ந்தாள்.

"மேடம்... திரும்பிப் பார்க்காதீங்க. எங்க அத்தாவக் கடத்தி வச்சிருக்காவ. இடைசெவல்... எங்க மேனேஜர் காட்டு மோட்டார் ரூம்ல."

எஸ்.ஐ.யின் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

"அந்தாளு கையில போன் இருக்கா?"

"இருக்கு."

"நான் பார்த்துக்கிடுதேன். நீ டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போயி அழு. நல்லா சத்தமா அழு!"

அதற்கு நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

சாதாரண உடையில் இரண்டு கான்ஸ்டபிள்கள் கார்த்திகேசனின் இரு பக்கமும் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் கையைப் பிடிக்க, இன்னொருவர் போனைப் பறித்துக்கொண்டார். சைரன் போடாத ஜீப் இடைசெவலுக்குப் பறந்தது.

இருபத்தைந்து நிமிடம்... இருபத்தைந்து வருடம்!

வெளியே கூரை பிய்ந்துபோகிற சத்தம். அவளுக்குப் பதிலாக இறங்கிய முத்துசெல்வி கடைசி விநாடியில் பந்தை வளையத்துக்குள் போட்டுவிட்டாள். ஒரு பாயிண்டில் கோவில்பட்டிக்குக் கப்பு!

அஃப்ஷானுக்கு எதுவும் ஏறவில்லை.

கதவு திறந்தது. எஸ்.ஐ.யின் முகம் இருண்டிருந்தது.

"கார்த்திகேசன் ஒத்துக்கிட்டாரு. இன்னைக்கு உங்க டீம் தோத்தா, அடுத்த சீசன்ல பெரிய டீமுக்கு மேனேஜர் ஆக்குதோம்னு எவனோ ஆசை காட்டியிருக்கான்."

"அத்தா...?"

"ஜீப் அங்க போயிச் சேந்திருச்சு. ரூம் கதவு திறந்து கெடக்கு. கயிறு அவுந்து கெடக்கு. உங்க அத்தாவக் காணும்."

அஃப்ஷான் எஸ்.ஐ.யின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எஸ்.ஐ.யின் போன் அடித்தது. கேட்டாள். புருவம் உயர்ந்தது.

"என்னது?... திருப்பிச் சொல்லும்யா!"

"மேடம்... என்ன மேடம்?"

"ரூமுக்குப் பின்னால வேப்பமரத்தடியில இருக்காவளாம். காவலுக்கு நின்னவனும் பக்கத்துலயே! ரெண்டு பேரும் ஒரே போன்ல உன் மேட்ச்ச பார்த்துட்டு இருந்திருக்காவ. ரூமுக்குள்ள நெட்டு கெடைக்கலியாம். உங்க அத்தா கை தட்டணும்னு கேட்டாவளாம்... அவனே கட்ட அவுத்து விட்டுட்டான்!"

அஃப்ஷான் போனைப் பிடுங்கினாள்.

"அத்தா! உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

"எனக்கென்ன கொள்ளை? நல்லாத்தான் இருக்கேன்!" அபுதாஹிர் கொதித்தார். "ஏட்டி, அந்த அஞ்சாவது பவுல் பவுலே இல்ல! அங்கன போலீஸ் நிக்காவல்லா... மொதல்ல அந்த ரெஃப்ரியப் பிடிச்சு உள்ள போடச் சொல்லு!"