கை பட்டால் அடங்கும் இரைச்சல்

அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் அந்த இரைச்சல் நின்றது.

டீத்தூள் கரண்டியோடு அவள் அப்படியே நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு காலத்தில் தட்டுமுட்டுச் சாமான்கள் கிடந்த சின்ன அறையில், அவள் செய்துகொண்டிருக்கும் கிட்டார் மேசைமேல் படுத்திருந்தது. ஆம்பிளிஃபயரை அணைக்காமல்தான் சமையலறைக்கு வந்திருந்தாள். ம்ம்ம் என்று ஒரே சுருதியில் வந்துகொண்டிருந்த சத்தம், 'டிக்' என்ற ஒரு சின்ன ஒலிக்குப் பிறகு சுத்தமாக அடங்கியது.

மின்சாரக் கிட்டார் செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். கம்பியின் அதிர்வை வாங்குவதற்காக உள்ளே வைக்கிற காந்தச் சுருள், வீட்டு ஒயர்களில் ஓடும் கரண்டையும் சேர்த்து வாங்கித் தொலைக்கும். அதனால் யாரும் தொடாதவரை இரைந்துகொண்டே இருக்கும். மனிதக் கை ஒன்று கம்பியில் பட்டால் அடங்கிவிடும். கையை எடுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். கிட்டாருக்குத் தனியாகப் படுக்கப் பயம் என்று அவள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு, சொல்லிச் சிரிக்க ஆள் இருந்த காலத்தில்.

இப்போது வீட்டில் அவள் மட்டும்தான். அவளுடைய இரண்டு கைகளும் சமையலறையில் இருந்தன.

தண்ணீர் பொங்கி அடுப்பை அணைத்த பிறகுதான் இரைச்சல் மறுபடி கேட்டது. போய்ப் பார்த்தாள். மேசை, விளக்கு, மரத்தூள், சால்டரிங் அயன் சூட்டில் உருகிய ஈயத்தின் காந்தல் வாடை. ஜன்னல் சாத்தியிருந்தது. ஏதோ ஒயர் லூசாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த 'டிக்' மட்டும் என்ன என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பதினாறு வருஷம் கேட்ட சத்தம் அது. கல்யாண மோதிரம் இரும்புக் கம்பியில் இடிக்கும் சத்தம்.

கணவனுக்கு இரைச்சல் பிடிக்காது. அதைவிட, அவள் கிட்டார் செய்வது பிடிக்காது. திட்டியிருந்தால்கூட ஒரு சண்டை போட்டிருக்கலாம். அவன் திட்டமாட்டான். அலுவலகத்திலிருந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் அவள் பின்னால் வந்து நின்று, உள்ளங்கையை அப்படியே கம்பிகள்மேல் விரித்து வைப்பான். சுவிட்ச் ஒரு முழம் தள்ளித்தான் இருக்கும். அதை அணைக்கமாட்டான்.

"போதும்," என்பான். அவ்வளவுதான்.

கையை எடுக்கும்வரை அவள் திருப்புளியோடு காத்திருப்பாள். சில நாள் அரை நிமிடம். சில நாள் அவனுக்கு டீ போட எழுந்து போகும்வரை.

எட்டு மாதம் முன்பு அலுவலகப் படிக்கட்டில் விழுந்தான், மருத்துவமனை போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நர்ஸ் மோதிரத்தைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தாள். அது பீரோவில் கிடக்கிறது. அவள் அழுதாள்தான். ஆனால் அழுது முடித்துத் திரும்பியதும் வீட்டின் அமைதி அவளுக்கு இனித்தது, அதை மறைப்பதற்காகத்தான் மறுபடி அழ வேண்டியிருந்தது.

இந்தக் கிட்டாருக்கு உடம்பு அறுக்க நல்ல பலகை தேடியபோது கட்டிலின் தலைமாட்டுப் பலகை கண்ணில் பட்டது. கனமான மரம், நேரான ரேகை. அவன் பக்கத்தில் மட்டும் தலை சாய்த்துச் சாய்த்து எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன ஒரு வட்டம். அந்த வட்டம் கிட்டாரின் நடுவில் வரும்படி அளந்து கோடு போட்டு அறுத்தாள். அறுக்கும்போது அறை முழுக்க அவனுடைய தலைமுடி எண்ணெய் வாடை எழுந்தது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அறுத்து முடித்தாள். வயிற்றெரிச்சல் என்று யாராவது சொன்னால் ஆமாம் என்றிருப்பாள்.

யாரோ நாத்தனாரின் காதில் போட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலமே போன் வந்தது.

"அண்ணி, எங்க அண்ணன் படுத்த கட்டிலை அறுத்தீங்களாமே?"

"தலைமாட்டுப் பலகையை மட்டும்தான்."

"மனசு வந்துச்சா உங்களுக்கு?"

"வந்துச்சு."

நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்டியா இருந்தா இப்படித்தான் புத்தி போகும். ஞாயித்துக்கிழமை வரேன். அந்த வீட்டைக் காலி பண்ணிட்டு எங்ககூட வந்துடுங்க."

அவள் மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிட்டார் முடிந்துவிடும். நாத்தனாரை உட்கார வைத்து, ஆம்பிளிஃபயரை முழுசாகத் திறந்து, இந்த வீட்டில் தன்னுடைய முதல் சத்தத்தை எழுப்பி, நான் எங்கும் வரமாட்டேன் என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"தாராளமா வா. நேர்லயே பதில் சொல்றேன்."

"ஹலோ? அண்ணி? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"ஹலோ?" என்றது போன். கட்டாகிவிட்டது.

மறுபடி கூப்பிடலாம் என்று திரையைத் தொட்டாள். அசையவில்லை. விரலைத் துடைத்துவிட்டுத் தொட்டாள், நாக்கில் ஈரப்படுத்தித் தொட்டாள். கையில் பசையும் ஈயமும் ஒட்டியிருந்தால் போன் இப்படித்தான் மக்கர் பண்ணும் என்று அதை மேசைமேல் வீசினாள்.

அடுத்த நாள் அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் முன்னால் அவள் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு வாடிக்கையாளர் எட்டிப் பார்த்து, "இங்க யாரும் இல்லையாங்க?" என்று குரல் கொடுத்தார். நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு இதெல்லாம் புதிதா என்ன? சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள். அவர் பதில் வராமல் போய்விட்டார்.

அன்று மாலை கம்பிகளைத் தொட்டபோது இரைச்சல் பாதிதான் அடங்கியது.

எர்த் சரியில்லை, வேறென்ன. கம்பிகளைத் தாங்கும் பாலத்திலிருந்து வரும் எர்த் ஒயரைக் கழற்றிச் சுரண்டி மறுபடி பற்றவைத்தாள். கரண்ட் ஓடுகிறதா என்று சோதிக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தாள், இணைப்பு சுத்தமாக இருந்தது. தொட்டாள். இரைச்சல் இம்முறை கொஞ்சம்கூட இறங்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினாள். ம்ம்ம் என்று அது தன்பாட்டுக்கு இரைந்தது, பக்கத்தில் ஆளே இல்லாததுபோல.

ஒரு யோசனை வந்தது, வந்திருக்க வேண்டாம். மீட்டரின் இரண்டு முனைகளையும் இரண்டு கை விரல்களால் பிடித்தாள். உடம்பு வழியாகக் கொஞ்சமாவது கரண்ட் போகும், மீட்டரில் ஏதாவது ஒரு எண் வரும். விளையாட்டாக எத்தனையோ முறை பிடித்துப் பார்த்திருக்கிறாள்.

எண் வரவில்லை.

முனைகளை ஈரத் துணியில் குத்தினாள். எண் வந்தது. விரல்களை அதே துணியில் நனைத்துக்கொண்டு பிடித்தாள். ஒன்றுமில்லை. இரண்டு முனைகளுக்கும் நடுவில் வெறும் காற்று இருந்தால் மீட்டர் என்ன காட்டுமோ அதைக் காட்டியது.

அறையில் எண்ணெய் வாடை அடித்தது. மரத்திலிருந்து இல்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து.

அவள் திரும்பவில்லை.

டிக்.

இரைச்சல் அடங்கியது.

அந்த அமைதியில் யாரோ மூக்கால் மூச்சு விடுவது கேட்டது, நிதானமாக, வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவன் விடுகிற மூச்சு. அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. செத்தும் விடமாட்டாயா என்று கத்தினாள். கத்தியது அவள் காதிலேயே சன்னமாகத்தான் விழுந்தது.

படுக்கையறைக்கு ஓடிப் பீரோவைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறை இருந்தது. உள்ளே மோதிரமும் இருந்தது. நிம்மதியாகக் கையில் எடுத்தாள். சின்னதாக இருந்தது. தன் விரலைப் பார்த்தாள். வெறும் விரல். உறையில் கிடந்தது அவளுடைய மோதிரம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கிட்டார் அறையை விட்டு நகரவில்லை. கிட்டாரைச் செருகி, ஆம்பிளிஃபயரை முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நாத்தனாரை அவளுக்கு ஆகவே ஆகாது. ஆனால் இப்போது அந்த ஒருத்தி வந்து 'அண்ணி' என்று கூப்பிட்டால் போதும். கட்டிக்கொண்டு அழத் தயாராக இருந்தாள்.

இருட்டுகிற நேரத்துக்கு வாசல் மணி அடித்தது.

எழுந்தாள். அறையைத் தாண்டவில்லை, அதற்குள் தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

யார் திறந்தது?

"என்ன இப்படி இளைச்சுப் போயிட்டே?" நாத்தனாரின் குரல். "சாப்பிடறியா இல்லையா?"

இரண்டு பேருடைய காலடி கூடத்தைக் கடந்து வந்தது. நாத்தனார் வாசற்படியில் நின்று அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். மேசையை. மரத்தூளை. அவள் நின்ற இடத்தை. கண் எங்கும் தங்கவில்லை.

"அண்ணி," என்றாள் நாத்தனார்.

அவளுக்கு உயிர் வந்தது. கையை நீட்டினாள்.

"அண்ணி போய் எட்டு மாசம் ஆச்சு. இன்னும் எத்தனை நாள்தான் இந்தக் குப்பையைக் கட்டிக்கிட்டு அழப் போறே?" நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டு பக்கவாட்டில் திரும்பினாள். "முதல்ல அந்தச் சத்தத்தை நிறுத்துண்ணா. தலை வலிக்குது."

அவள் கிட்டாரின்மேல் விழுந்தாள். பத்து விரல்களையும் கம்பிகளில் கோத்து அழுத்தினாள். நான் இருக்கேன். இருக்கேன். தோல் கிழிந்தது. இரைச்சல் நிற்கவில்லை.

டிக்.

அவள் விரல்களின்மேல் ஒரு உள்ளங்கை விரிந்து இறங்கியது. கனமாக. வெதுவெதுப்பாக.

சத்தம் நின்றது.

"அப்பாடா," என்றாள் நாத்தனார்.

"போதும்," என்றான் அவன்.

அவள் திருப்புளியோடு நிற்கிற பழைய வழக்கப்படி, அந்தக் கை எடுக்கப்படுவதற்காகக் காத்திருந்தாள். நாத்தனார் டீ போடப் போனாள். கூடத்து விளக்கு எரிந்தது, அணைந்தது. கைக்கு அடியில் அவள் ஒலி எழாத கம்பிகளை இழுத்து இழுத்து மீட்டிக்கொண்டே இருந்தாள்.