ஐஸ் கம்பெனியில் அலறாத சைரன்

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில், மிளகு கோடவுனுக்கு மேல்மாடியில் சுபாஷிணியின் அலுவலகம். தொழிற்கூட விபத்துகளைத் துப்பறிவது அவள் வேலை. அதற்கு முன்பு பல வருடம் மென்பொருள்களைச் சோதித்துக் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். கூட்டாளி யூசுப் கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவன். வந்தவர்கள் நாற்காலியில் உட்காருவதற்குள் குற்றவாளி யாரென்று முடிவுகட்டிவிடுவான். பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

அன்று காலை மழையில் நனைந்தபடி ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். மகள் பெயர் இசக்கிசெல்வி. அம்மா பேச்சி.

"அக்கா, ஐஸ் கம்பெனில அமோனியா கசிஞ்சு செத்துப்போனாரே தங்கையா, அவர் எங்க அப்பா" என்றாள் செல்வி. "கேஸ் கசிஞ்சா சைரன் அடிக்கணும். அடிக்கல. அப்பாவே சுவிட்ச ஆஃப் பண்ணி வச்சிருந்தார்னு கம்பெனில எழுதிட்டாங்க."

"உறங்கணும்னு அணைச்சாகளாம்" என்றாள் பேச்சி. "தெருவுல ஒருத்தி எங்கிட்டயே கேக்கா. அவுக வேலை நேரத்துல கண்ண மூடுன மனுசன் இல்லம்மா."

பேச்சி அழவில்லை. புருஷன் செத்த துக்கத்தை அழுது தீர்க்கக்கூட விடாமல் அந்தப் பழி குறுக்கே நின்றது. இறந்தவர் தலையில் பழியைக் கட்டுவதைப் போல் சுலபமான காரியம் உலகத்தில் இல்லை. அவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லையே.

செல்வி லேப்டாப்பைத் திறந்தாள். "சைரனை ஓட்டுற புரோகிராம் எங்க ஆபீஸ்ல செஞ்சது. நான் வைட்டிலால வேலை பாக்கறேன். முன்னாடி கேஸுக்கு வெறும் விளக்கு மட்டும்தான் எரியும். சைரனும் வேணும்னு முதலாளிகிட்ட சண்டை போட்டதே அப்பாதான். ஓணத்துக்கு அப்புறம் அந்த வரிய கான்ஃபிக் ஃபைல்ல எழுதினது நான். பாருங்க, அப்படியே இருக்கு."

எந்தக் கருவி எப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் கோப்பு அது. திரையில் அதன் கடைசிப் பகுதி தெரிந்தது. 'கேஸ் கசிந்தால் சைரன்' என்று ஒரு குறிப்பு. அதற்குக் கீழே கட்டளை: சைரன், ஆம். அதோடு கோப்பு முடிந்தது.

"சோதிச்சுப் பாத்தியா?"

"சைரனை நேரா அடிக்கவைக்கிற டெஸ்ட் பட்டனை அமுக்கினோம். அடிச்சுது. அப்புறம் அப்பாவும் போன்ல சொன்னார், நீ வச்ச சைரன் நல்லா கத்துதுட்டின்னு."

சுபாஷிணி கோப்பின் நகலை வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஐஸ் கம்பெனி முதலாளி சேவியர் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. "தங்கையா நல்ல ஆளாணு. பட்சே சைரன்ல குறையில்ல, ஃபைல்லயும் குறையில்ல. பின்னே யாரு அணைச்சது? அன்னைக்கு மதியம் கம்ப்ரஸர் ரூம்ல அவர் மட்டும்தான் இருந்தார்" என்றார். சுவிட்ச் அந்த அறைக்குள்தான் இருந்தது. வேறெங்கும் இல்லை.

வெளியே வந்ததும் யூசுப் அவள் காதருகே குனிந்தான். "சேச்சி, ஆளை எனக்கு மனசிலாயி. முதலாளிதான்!"

"சாயா குடிப்போம் வா."

எதிரே ஓமனாவின் சாயாக்கடை. அந்தச் சைரன் எப்போதாவது அடித்ததுண்டா என்று சுபாஷிணி கேட்டாள்.

"அடிக்குமே!" என்றாள் ஓமனா. "கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடினா உடனே அலறும். ஓணம் கழிஞ்சதுலேர்ந்து இப்படித்தான். சாயா குடிக்கிறவங்க பேடிச்சு எந்திரிப்பாங்க. கம்ப்ளெயின்ட் சொல்லுங்க சேட்டான்னு தங்கையாகிட்ட நான் எத்தனையோ தடவை சொன்னேன். 'என் மக வச்சது ஓமனா, முதலாளிகிட்ட குறை சொன்னா பிள்ளைக்குக் கெட்ட பேரு'ன்னுட்டார்."

"விபத்தன்னைக்கு?"

"ஃபயர் வண்டிக்காரங்க வந்து கேட் பக்கத்துல மெயினை ஆஃப் பண்ணினாங்க. ஜெனரேட்டர் ஓடிச்சு. அப்போ அலறிச்சு பாருங்க! அதுக்கப்புறம்தான் அவங்க மாஸ்க் போட்டு உள்ளே போனாங்க. பாவம் சேட்டன், கதவு பக்கத்துலதான் கிடந்தார்."

யூசுப் அடுத்த குற்றவாளியைத் தேட ஆரம்பித்திருந்தான். சுபாஷிணிக்குப் புரிந்துவிட்டது. புரியாமலே போயிருக்கக் கூடாதா என்றும் தோன்றியது. சாயாவை வைத்துவிட்டு ஃபோனை எடுத்தாள்.

"செல்வி, உங்க அப்பா மேல தப்பில்லன்னு காட்ட முடியும். ஆனா முழு உண்மையும் கூடவே வெளியே வரும். அது உன்னைத்தான் நோகடிக்கும். வேண்டாம்னா இப்பவே சொல்லு."

"எனக்கு எவ்வளவு நொந்தாலும் சரி அக்கா. அப்பா பேரு சுத்தமாகணும்."

மறுநாள் சேவியரின் அறையில் எல்லோரும் கூடினார்கள்.

"தங்கையா சுவிட்சை அணைச்சிருந்தா, தீயணைப்புக்காரங்க மெயினை நிறுத்தினப்போ சைரன் அடிச்சிருக்காது" என்று சுபாஷிணி தொடங்கினாள். "ஆனா அடிச்சுது. கடைத்தெரு முழுக்கக் கேட்டிருக்கு. அந்த நேரம் அறை முழுக்க அமோனியா. உள்ளே போய் யாரும் சுவிட்சைப் போட்டிருக்க முடியாது. அதனால சுவிட்ச் முதல்லேர்ந்தே ஆன்லதான் இருந்தது. யாரும் அதைத் தொடவே இல்ல."

சேவியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ கேஸ் கசிஞ்சப்போ ஏன் அடிக்கல?"

"அதைவிட இன்னொண்ணு கேளுங்க. ஜெனரேட்டர் ஓடினா ஏன் அடிக்குது? அப்படி அடிக்கணும்னு யாரும் கேட்டதில்லையே."

சுபாஷிணி கோப்பின் அச்சுப் பிரதியைச் செல்வியிடம் நீட்டினாள். "இந்த ஃபைலை உங்க லைப்ரரி, அதான் ஃபைலைப் படிக்கிற புரோகிராம், எப்படிப் படிக்கும்னு இவங்களுக்குச் சொல்லு."

"ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தலைப்பு இருக்கும்" என்றாள் செல்வி. "எல்லாத்துக்கும் ஒரே மாதிரி பெட்டிகள், சைரன் பெட்டி உள்பட. இது எண் போடற பெட்டி, இது ஆமா இல்லைன்னு போடற பெட்டி, அப்படி. தலைப்புக்குக் கீழே உள்ளதையெல்லாம் லைப்ரரி அந்தக் கருவியோட பெட்டில போட்டு வைக்கும்."

"குறிப்பு?"

"அது நமக்காக எழுதறது. மெஷின் படிக்காது, தள்ளிடும்."

"ஒரு பெட்டிக்கு வரியே இல்லைன்னா?"

"ஆமா-இல்லை பெட்டின்னா 'இல்லை'ன்னு அதுவே போட்டுக்கும். தப்புன்னு கூடச் சொல்லாது."

"சரி. நீ எழுதின வரிலேர்ந்து மேலே போ. முதல்ல வர்ற தலைப்பை வாசி."

செல்வியின் விரல் தாளில் மேலே நகர்ந்தது. எரிபொருள் அளவு, வெப்பம், ஓட வேண்டிய நேரம் என்று வரிகள் போய்க்கொண்டே இருந்தன. லேப்டாப் திரையில் அந்தத் தலைப்பு எப்போதும் கண்ணுக்கு அகப்படாத உயரத்தில் இருந்தது. முந்தின பக்கத்துக்குப் போன விரல் நின்றது.

"ஜெனரேட்டர்" என்றாள்.

வெளியே படகுத்துறையில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது.

"கடைசில சேத்துட்டேன்" என்றாள் செல்வி. "புது வரிதானேன்னு அடியில சேத்துட்டேன். கேஸ் தலைப்புக்குக் கீழே போட்டிருக்கணும். மெஷினுக்கு அது ஜெனரேட்டரோட சைரன். கேஸுக்கு 'இல்லை'."

அவள் தாளை மேசையில் வைத்தாள். "அப்பா நல்லா கத்துதுன்னு சொன்னாரே. எப்போ கத்துதுன்னு நான் கேக்கவே இல்ல."

யூசுப் தலையைக் குனிந்துகொண்டான். பேச்சிக்குத் தலைப்பும் பெட்டியும் ஒன்றும் விளங்கவில்லை. அவள் சுபாஷிணியின் கையைப் பிடித்தாள். "அப்போ அவுக அணைக்கலல்லா?"

"இல்லம்மா. அவர் அணைக்கல."

இத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது. பேச்சி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சேவியர் எழுந்துவந்து அவள் முன்னால் கைகூப்பினார்.

"என்னை மன்னிக்கணும். ரிப்போர்ட்டை மாத்தி எழுதறேன்" என்றவர் செல்வியைப் பார்த்துத் தயங்கினார். "மெஷின் கோளாறுன்னு எழுதினா போதும். மோளே, உன் பேரு வேண்டாம்."

"மெஷின் ஒண்ணும் பண்ணல சார்" என்றாள் செல்வி. "நான் எழுதினபடிதான் அது படிச்சுது. எங்க அப்பா பேரு எந்த இடத்துல இருக்கோ, அதை அடிச்சுட்டு அங்கேயே என் பேரை எழுதுங்க."

பேச்சியின் அழுகை நின்றது. அவள் மகளைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏட்டி, வா. வீட்டுக்குப் போவோம்."

செல்வி எழுந்திருக்கவில்லை. பேச்சி வாசல் வரை போனாள். பிறகு திரும்பி வந்து, மகள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.