கனவுகள் இருந்த ஃபோல்டர்

செவ்வாய்க்கிழமை காலை, காக்ஸ் டவுன் பக்கத்திலுள்ள அந்தத் தூக்க மருத்துவமனையில் கனவுகள் எல்லாம் காணாமல் போயிருந்தன.

தூக்கம் வராதவர்களும், வந்தும் பயந்து எழுகிறவர்களும் விடிந்தும் விடியாமல் போனில் சொல்லிப் பதிவு செய்த கனவுகள் அவை. கல்யாண மண்டபத்துக்குள் கடல் புகுந்தது, செத்துப்போன மாமா வந்து காபியில் சர்க்கரை கம்மி என்றது என்று ஆயிரக்கணக்கான குரல்கள். காலையில் பார்த்தால் வெப்சைட்டே திறக்கவில்லை. அனுஷா அதை மறுபடி நிறுவினாள். சைட் வந்தது. கனவு ஒன்றுகூட வரவில்லை.

"போச்சு! எல்லாம் போச்சு! இவதான் அழிச்சுட்டா!" என்று கத்தினார் ஓஸ்வால்ட், கிசுகிசுப்பாக. பக்கத்து அறைகளில் பகலிலும் நோயாளிகள் தூங்குவார்கள். அங்கே சண்டைகூட மெல்லத்தான் போட வேண்டும்.

ஓஸ்வால்ட் விவேக் நகர்க்காரர். மருத்துவமனையின் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் அவர் பொறுப்பு. அனுஷா அவருக்குக் கீழே வேலை பார்ப்பவள். அவர் பதறியதைக் குறை சொல்ல முடியாது. அவர் மனைவி ஆஞ்சலாவும் அங்கே சிகிச்சை பெற்றவள்தான். போன வருஷம் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அவள் குரல் மிச்சமிருந்த ஒரே இடம் அந்த ஃபோல்டர். தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவளுடைய கனவு ஒன்றைக் கேட்பார். கடைசிப் பதிவை மட்டும் கேட்காமலே வைத்திருந்தார். அதையும் கேட்டுவிட்டால் அப்புறம் அவள் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது, பாவம்!

"சாயங்காலத்துக்குள்ள போலீஸ் கம்ப்ளெயின்ட் குடுத்தே ஆகணும்" என்றார் அவர். டாக்டர் அம்புஜம், மருத்துவமனையின் தலைவி, அதற்கு முன் சுனிதாவுக்குப் போன் செய்தார்.

படுத்துவிட்ட சர்வர்களை விசாரிப்பதுதான் சுனிதாவின் தொழில். ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்தவள். எப்போது பார்த்தாலும் அரைத் தூக்கத்தில் இருப்பது போலத்தான் இருப்பாள். அதை நம்பி ஏமாந்தவர்கள் ஊரில் நிறையப் பேர். திரை இழுத்துவிட்ட அந்த அறை, வெளியே தூறல், எங்கிருந்தோ மெல்லிய குறட்டை. சுனிதா ஒரு கொட்டாவி விட்டுவிட்டு ஆரம்பித்தாள்.

"புது சர்வருக்கு எப்ப மாறினீங்க?"

"வெள்ளிக்கிழமை, மேடம்." அனுஷாவின் கண்கள் வீங்கியிருந்தன. திருவண்ணாமலையிலிருந்து வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். "பழைய ஜாவா சர்வர் ரொம்பப் பழைய வெர்ஷன். புதுசை நான்தான் செட் பண்ணேன். கனவெல்லாம் காப்பி பண்ணேன். நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு."

"பேக்கப்?"

"இந்த வாரம் போடறதா இருந்தோம்" என்றார் ஓஸ்வால்ட். "பழைய டிஸ்க்கை அழிச்சாச்சு. பேஷண்ட் ரகசியம் வெளிய போகக் கூடாதில்ல?"

"யார் முடிவு அது?"

"என்னுதுதான்."

"சரி. இந்தப் பொண்ணுதான் அழிச்சான்னு எதை வெச்சு சொல்றீங்க?"

"பாஸ்வேர்ட் எனக்கும் இவளுக்கும்தான் தெரியும். காலையில சைட்டைத் திரும்பப் போட்டது இவ. பழசு மேலயே போட்டு அழிச்சுட்டா."

"ஸல்ப இருங்க, கொஞ்சம் பொறுங்க. இவ தொடறதுக்கு முன்னாடியே சைட் செத்துக் கிடந்துச்சே. அதைக் கொன்னது யாரு?"

சுனிதா ஓஸ்வால்ட் பக்கம் திரும்பினாள்.

"நேத்து நீங்க சர்வர்ல இன்னா பண்ணீங்க சார்?"

"நானா? பெருசா ஒண்ணும் இல்ல. வீட்டுக்குக் கிளம்பறப்ப பார்த்தேன், டிஸ்க் நிறைஞ்சுட்டு வந்துச்சு. அந்த வார் ஃபைலை மட்டும் டெலிட் பண்ணேன். கனவு ஃபோல்டரைக் கையால தொடல, ஏசு மேல சத்தியம்! பழைய சர்வர்லயும் வருஷக்கணக்கா அப்படித்தான் பண்ணிட்டிருக்கேன்."

வார் ஃபைல் என்றால் சண்டை ஒன்றும் இல்லை. ஒரு வெப்சைட்டின் ஜாவா சரக்கையெல்லாம் கட்டிவைத்த ஒரே மூட்டை. சர்வரில் வைத்தால் சர்வரே அதைப் பிரித்து ஒரு ஃபோல்டராக விரித்துக்கொள்ளும். விரித்த பிறகு மூட்டை எதற்கு? டிவி வந்ததும் அட்டைப்பெட்டியைக் கடாசுகிற மாதிரிதான் ஓஸ்வால்ட் அதைக் கடாசியிருந்தார்.

"கனவெல்லாம் எங்க சேரும்?"

"அந்த விரிச்ச ஃபோல்டருக்குள்ளயே, மேடம்" என்றாள் அனுஷா. "ஆரம்பத்துலேர்ந்து அப்படித்தான்."

சுனிதாவின் தூக்கம் கலைந்தது. அனுஷாவை இன்னொரு மெஷினில், அதே செட்டிங்கோடு, மாதிரிக்கு ஒரு சின்ன வெப்சைட்டை நிறுவச் சொன்னாள். மூட்டை விரிந்து ஃபோல்டரானது. அதற்குள் ஏதோ ஒரு பாட்டு ஃபைலைப் போட்டார்கள்.

"சார், நேத்து பண்ண மாதிரியே பண்ணுங்க."

ஓஸ்வால்ட் வார் ஃபைலை அழித்தார். மூவரும் திரையைப் பார்த்தார்கள். ஃபோல்டர் அப்படியே இருந்தது. தூறல் மழையாயிற்று.

"பாருங்க, இருக்கே!" என்றார் ஓஸ்வால்ட்.

சொல்லி முடிப்பதற்குள் அது இல்லை. யாரும் எதையும் தொடவில்லை. ஃபோல்டர், பாட்டு எல்லாம் மாயமாகிவிட்டன.

"ஆட்டோ டிப்ளாய்னு ஒரு செட்டிங்" என்றாள் சுனிதா. "அது ஆன்ல இருந்தா சர்வர் சும்மா சும்மா சுத்திப் பார்க்கும். மூட்டை காணோம்னா, 'ஓஹோ, இந்த சைட் இனிமே வேணாம் போல'ன்னு விரிச்சதையும் சேர்த்து வழிச்சுப் போட்டுடும். பழைய சர்வர்ல அதை யாரோ ஆஃப் பண்ணி வெச்சிருக்கணும். அதான் உங்க பழக்கம் அங்க ஒண்ணும் பண்ணல."

"நான்தான் ஆஃப் பண்ணேன்" என்றார் ஓஸ்வால்ட் மெதுவாக. "எத்தனையோ வருஷம் முன்னாடி. மறந்தே போச்சு. இவகிட்ட சொல்லவே இல்ல."

"அப்ப கனவை அழிச்சது நீங்கதான் சார். தெரியாமதான்."

சுனிதாவுக்குத் தன் தொழில் அன்றைக்குப் பிடிக்கவில்லை. ஓஸ்வால்ட் போனை எடுத்து டாக்டரிடம் பேசினார். "தப்பு என்னுது, டாக்டர். போலீஸ் வேணாம். அனுஷாவை ஒண்ணும் சொல்லாதீங்க." போனை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். தாங்க முடியாத துக்கம். அதையும் சத்தமில்லாமல்தான் அழ வேண்டியிருந்தது.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றார். "கடைசியா என்ன சொன்னாளோ! கேக்காமலே போச்சே."

அனுஷா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"சார், நான் கேட்டேன். சர்வர் மாத்தினப்போ, சரியா வந்திருக்கான்னு ஒவ்வொருத்தரோட கடைசிப் பதிவையும் ஓட்டிப் பார்த்தேன்."

ஓஸ்வால்ட் நிமிர்ந்தார்.

"சிவாஜிநகர் பஸ்ல போறாங்களாம் சார். பஸ்ல எல்லாரும் தூங்கறாங்க, இவங்க மட்டும் முழிச்சிருக்காங்க. டிரைவர் சீட்ல நீங்க, கட்டம் போட்ட லுங்கியோட. எந்த ஸ்டாப்லயும் நிறுத்த மாட்டேங்கறீங்க. திட்டலாம்னு எழுந்து வந்தா, நீங்க திரும்பி, 'நீயும் தூங்கு ஆஞ்சி, எடம் வந்தா எழுப்பறேன்'னு சொல்றீங்களாம். அங்கயே தூங்கிட்டாங்களாம். 'எத்தனை மாசம் கழிச்சு நல்லாத் தூங்கினேன், அதுவும் கனவுக்குள்ள போயி'ன்னு சொல்லிச் சிரிக்கறாங்க சார். ரொம்ப நேரம் சிரிச்சாங்க."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. சுனிதா சத்தமில்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார் ஓஸ்வால்ட்.

அனுஷா முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.