சோதனைக்கு வைத்த பெயர்

உள்ளறையில் அப்பாவின் போன் அடித்தது, பாதியில் நின்றது, மறுபடி அடித்தது. ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் அவரைக் கூப்பிட யாருமே கிடையாது.

மழை மேகம் கவிந்து பட்டப்பகலிலேயே முன்னறை இருட்டிக் கிடந்தது. காயாத துணியின் வாடையும், அப்பா இரவு வேலை முடிந்து வந்து கழற்றிப் போட்ட சட்டையின் ஃபினாயில் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறிக்கொண்டிருக்க, அவள் லேப்டாப்பின் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் பார்த்த வேலை, ஒரு மருத்துவமனைக்கான மென்பொருள் சேவை. நோயாளி இறந்துவிட்டால் வீட்டுக்குத் தானே போன் செய்து சொல்லும். மனிதர் வாயால் சொல்லக் கூசுவதை மெஷினின் தலையில் கட்டியிருந்தார்கள். அதைப் பேக்கேஜாகக் கட்டி, எங்கோ ஓடும் கம்ப்யூட்டர்க் கூட்டமான கிளஸ்டரில் சற்றுமுன் ஏற்றியிருந்தாள். ஒரே கட்டளை. பார்த்து ஏத்தும்மா, என் வேலைக்கு உலை வச்சிடாதே என்று டீம் லீடர் காலையிலேயே சிரித்துச் சொல்லியிருந்தார்.

போன் மறுபடி அடித்தது. கட்டளையைத் திரும்பப் படித்தாள்.

மருத்துவமனையின் செட்டிங்ஸ் ஃபைலுக்குப் பதில், சோதனைக்கு அவளே எழுதிய ஃபைலைக் கொடுத்திருந்தாள். அதில் ஒரே ஒரு செத்த ஆள். அப்பாவின் பெயர், அப்பாவின் நம்பர். சொல்வது அவள் பதிந்து வைத்த குரல்.

வேலையில் சேர்ந்த அன்று சாப்பாட்டு மேசையில் அவரவர் அப்பாவைச் சொன்னார்கள். வக்கீல், பேங்க் மேனேஜர். ஏதோ சாதித்துவிட்ட முகத்தோடு சொன்னார்கள். கக்கூஸ் கழுவுகிறார் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. செத்துட்டார் என்றாள். எல்லோரும் இரக்கப்பட்டார்கள். அந்த இரக்கம் இனித்தது. அதை நினைத்தால்தான் இன்னும் உடம்பு கூசுகிறது. பிறகு சோதனைக்குச் செத்தவர் ஒருவர் தேவைப்பட்டபோது, அவளிடம் ஒருவர் தயாராக இருந்தார்.

கிளஸ்டரில் அந்தச் சேவையைத் தாங்கி ஓடிக்கொண்டிருந்த கன்டெய்னரைக் கொன்றாள். உடனே இன்னொன்று முளைத்தது. அதுதான் கிளஸ்டரின் வேலை. செத்ததை எழுப்பி நிறுத்துவது. பேக்கேஜையே பிடுங்கினாள். நீக்கப்பட்டது என்றது திரை. எதுவும் ஓடவில்லை.

சுவரோரம் மழைத்தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்.

போன் அடித்தது.

தன் போனில் டீம் லீடரைக் கூப்பிட்டு, இன்னும் ஏதாவது ஓடுகிறதா என்று கேட்டாள்.

"இங்க ஒண்ணுமே இல்லம்மா. நீ ஏத்தின சுவடே இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "ஆமா, பக்கத்துல யாரு பேசறது? உன் குரல் மாதிரியே இருக்கு."

வைத்துவிட்டாள்.

உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அதற்குள்ளிருந்து அவள் குரல். தெளிவாக. அப்பாவின் பெயரைச் சொன்னது. இறந்துவிட்டார் என்றது.

"சரிம்மா," என்றார் அப்பா.

மறுபடி அவள் குரல்.

"சரி கண்ணு."

கதவைத் தள்ளினாள். அப்பா பாயில் நேராகப் படுத்திருந்தார். காலோடு கால் ஒட்டி. காதில் போன். அதன் திரை அணைந்திருந்தது. குரல் மட்டும் நிற்கவில்லை.

அது நான் இல்லப்பா என்று சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அவளுடைய சத்தமெல்லாம் அந்தப் போனில் இருந்தது.

கையைத் தொட்டாள். சில்லென்று. விறைத்து. மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை.

கண்கள் மட்டும் அவள் பக்கம் திரும்பின. அவற்றில் கோபம் இல்லை. மகளுக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாதே என்ற பதற்றம் மட்டும். நீலம் பாரித்த உதடு அசைந்தது.

"ஆபீஸ்லேர்ந்து யாராவது வந்து பாத்தா, இது போதுமா கண்ணு?"