உலக்கை போடாத வீடு

கிணற்றடியில் பித்தளைக் குடம் ஜெயபாயின் கைதவறி விழுந்தது. உருண்டு போய்த் துவைகல்லில் முட்டி நின்றது. உள்ளே பிள்ளை விழித்துக்கொள்ளுமே என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிள்ளை விழிக்கவில்லை. குடம் விழுந்த சத்தம் தன் காதிலும் விழவில்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது.

காதில் தண்ணீர் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்துத் தட்டிக்கொண்டாள். அடுத்த வீட்டுக் கோழி கொக்கரித்தது நன்றாகவே கேட்டது.

இந்த அமைதிக்குத்தானே வந்தார்கள்! நாகர்கோவிலில் அவர்கள் குடியிருந்தது பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே. அந்த ஐம்பத்து நாலாம் வருஷத்தில் ஊர்வலம் போகாத நாளில்லை. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கோஷம், அதன் பின்னாலேயே போலீஸ் வண்டி. பால்குடி மறக்காத எஸ்தர் ஒவ்வொரு சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போட்டு அழுதாள். தூக்கமில்லாமல் துரும்பாகிப் போனாள். "சத்தமில்லாத இடமாப் பாத்துப் போங்க, இல்லேன்னா பிள்ளை தங்காது" என்று வைத்தியர் கைவிரித்துவிட்டார். அச்சாபீஸில் வேலை பார்க்கும் அவள் புருஷன் செல்வதாஸ், இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே தென்னந்தோப்புக்குள் இந்த வீட்டைப் பிடித்தான். கடற்காற்று, கறந்த பால், உப்பில்லாத கிணறு என்று அவன் அடுக்கியதைக் கேட்டால் மோட்சமே தோற்றுப்போகும். அவனுக்கென்ன, காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வருவான். நாள் முழுக்க இந்தத் தோப்போடு மல்லுக்கட்டுகிறவள் அவள்.

ஊருக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. கடையில் ஏதாவது கேட்டால் பதில் வராது. எதிரே வருகிற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எல்லாம் ஒரு உலக்கையால் வந்த வினை. அந்தி சாய்கிற நேரத்தில் அந்த வரிசையில் எல்லா வீட்டுப் பெண்களும் வெறும் உரலில் உலக்கை போடுவார்கள். உள்ளே ஒரு மணி நெல் இருக்காது, வெறும் இடி. இவர்கள் வீட்டுப் பின்கட்டில் கிடந்த உரலில் அடுத்த வீட்டுத் தாணம்மாளே வந்து போட்டுவிட்டுப் போவாள். எஸ்தர் வீறிடுவாள். உபதேசியார் மகளான ஜெயபாய்க்கு அது பேய்க்குச் செய்கிற ஊழியமாகவும் பட்டது. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த சூட்டில், செல்வதாஸை ஏவி உரலை உருட்டித் தோப்புக்கு வெளியே தள்ளவைத்தாள்.

"பிள்ளே, நாங்க போடுயது சாமிக்கில்ல" என்றாள் தாணம்மாள். "இங்கன ஆளு இருக்குன்னு காட்டணும். சத்தம் செத்த வீடுன்னா அது வந்து குடியேறிரும்."

"எது?"

தாணம்மாள் காறித் துப்பிவிட்டு வேலிப்படலை இழுத்து அடைத்தாள்.

அன்று முதல் எஸ்தர் நன்றாகத் தூங்கினாள். ஜெயபாய் முழங்காலில் நின்று கர்த்தருக்கு நன்றி சொன்னாள்.

இப்போது குடத்தை நிமிர்த்தி வைக்கையில் வெயில் மஞ்சளாகி மங்கிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே தென்னோலைகள் ஒன்றோடொன்று உரசி ஆடின, ஓசையே இல்லாமல். அழுகின தேங்காய்த் தொண்டின் நாற்றத்தோடு வேறொரு வாடையும், நெடுநாள் பூட்டிக்கிடந்த பெட்டியைத் திறந்ததுபோல, வீட்டுக்குள்ளிருந்து மெல்ல வந்து அவள் மூக்கில் ஏறியது. அவள் வேகமாக உள்ளே போனாள்.

தொட்டிலில் எஸ்தர் விழித்திருந்தாள். முகம் கன்றிச் சிவந்திருந்தது. காலில் கட்டெறும்புகள். வாய் அகலத் திறந்து, தொண்டை புடைத்து, பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

சத்தம் இல்லை.

எவ்வளவு நேரமாக அழுகிறாளோ. எத்தனை நாளாக அழுகிறாளோ. தூங்குகிறாள் என்று நினைத்து நன்றி சொன்னாளே, பாவி!

"எஸ்தர்!" என்று கத்தினாள். அவள் குரலும் வெளியே வரவில்லை.

துணியோடு பிள்ளையை வாரி நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஓடினாள். வேலியைத் தாண்டியதும் சத்தம் வந்து அறைந்தது. தொம், தொம் என்று வரிசை முழுக்க உலக்கைகள். ஜெயபாய்க்கு அழுகையே வந்துவிட்டது. தாணம்மாளின் முற்றத்தில் நின்று வாயைத் திறந்தாள். இங்கேயும் குரல் வரவில்லை. பிள்ளைக்கும் வரவில்லை.

தாணம்மாள் உலக்கையை நிறுத்தாமலே பார்த்தாள்.

"இங்கன ஏறாத. அது உன் பின்னால வந்தா எங்களுக்கும் நாசம். அமைதி வேணுமுன்னுதானே வந்தே? கொண்டு போ."

கடைசி இடியைப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மற்ற வீடுகளிலும் கதவுகள் சாத்தப்பட்டன.

அப்போது ஜெயபாய்க்கு அது கேட்டது. அவள் வீட்டுக்குள்ளிருந்து, எஸ்தரின் அழுகை. நல்ல பலமான அழுகை. அதைத் தேற்றுகிற ஒரு குரல். அவளுடைய குரல்.

ஜன்னலில் விளக்கு எரிந்தது. அவள் ஏற்றவில்லை.

தென்னைகளுக்கு நடுவே செல்வதாஸ் வந்துகொண்டிருந்தான். போகாதீங்க. கத்தினாள். போகாதீங்க! தொண்டை கிழிந்தது. அவன் திரும்பவில்லை.

"வந்தாச்சா? பிள்ளய ஒண்ணு பிடியுங்க" என்றது வாசலில் அவள் குரல்.

"எனக்க மொவளுக்கு இப்பந்தான் தொண்டை தொறந்திருக்கு" என்று சிரித்துக்கொண்டே அவன் படியேறினான். கதவு சாத்திக்கொண்டது.

ஜெயபாய் குனிந்து பார்த்தாள். கையில் துணி இருந்தது. தலையும் வயிறும் மடக்கிய காலுமாகப் பிள்ளையின் வடிவம் கலையாமல், இன்னும் கதகதப்பாக. உள்ளே ஒன்றுமில்லை.