மாடியேறிய சிவப்பு நாற்காலி

கோபம் வந்தால் கோந்துக்கு மூக்கு சிவந்துவிடும். அந்தச் சனிக்கிழமை மூக்கோடு காதும் சேர்ந்து சிவந்திருந்தது.

கோந்து என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர். ஒரு கணக்கைப் பிடித்தால் விடை வரும்வரை ஒட்டிக்கொண்டே இருப்பாள். சாப்பாடு ஆறினாலும் சரி, அம்மா கத்தினாலும் சரி, விடமாட்டாள்.

பள்ளியின் மாடி அறையில் சனிக்கிழமைதோறும் உயர்கணித வகுப்பு நடக்கும். 'பலகையில் உள்ள மூன்று கணக்குகளையும் சரியாகப் போடுகிறவர்கள் யார் வேண்டுமானாலும் சேரலாம்' என்று அறிவித்திருந்தார்கள். மூன்று வாரத்துக்கு முன்பே கோந்து போட்டாள். அவள் தெருவிலிருந்து தையல்கடைக்காரர் மகனும், லாரி ஓட்டுநரின் இரட்டைப் பெண்களும் போட்டார்கள். நால்வருக்கும் எல்லாமே சரி.

கணக்கு சார் விடைகளைப் பார்த்தார். பிறகு நால்வரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு. ஆனா பன்னிரண்டு நாற்காலிதானே இருக்கு, எல்லாத்துலயும் ஆள் இருக்காங்க. அதுவும் உங்களுக்கு எதுக்கும்மா இவ்வளவு கஷ்டமான கணக்கு? கடையில சில்லறை எண்ணத் தெரிஞ்சா போதாதா?"

போதுமாம்! கேட்டீர்களா இந்த அநியாயத்தை?

அந்தச் சனிக்கிழமை கோந்து மாடிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். டாக்டர் வீட்டுப் பையனும் வங்கி மேலாளர் வீட்டுப் பையனும் புதிதாக உட்கார்ந்திருந்தார்கள். 'எனக்கு ரெண்டாவது கணக்கு வரவே இல்லை' என்று டாக்டர் வீட்டுப் பையன் முந்தின நாள்தான் அவளிடம் சொல்லியிருந்தான். இருவருக்கும் ஆசிரியர் அறையிலிருந்து நாற்காலி வந்திருந்தது.

நாற்காலிக்குக் கால் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அது ஆள் பார்த்து நடக்கும் என்பது கோந்துக்கு அன்றுதான் தெரிந்தது.

வாசலில் நின்றபடியே அறையை ஒருமுறை அளந்து பார்த்தாள். தரையில் பதித்திருந்த சதுரக் கற்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எண்ணினாள். பிறகு தடதடவென்று படியிறங்கி, எதிர்ச்சாரியில் இருந்த அப்பாவின் சலூனுக்குள் நுழைந்தாள்.

"அப்பா, இந்தச் சிவப்பு நாற்காலிய எடுத்துக்கறேன்."

அப்பா ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். "ஏய், வர்றவங்க எங்க உட்காருவாங்க?"

"கொஞ்ச நேரம் நிக்கட்டும்ப்பா. நான் மூணு வாரமா நிக்கறேன்!"

நடந்ததைக் கேட்டதும் அப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது. முகமும் கடுகடுத்தது. பாதிச் சவரத்தில் இருந்தவர் பதறிப்போனார்.

"நாற்காலிய எடுத்துட்டுப் போ கண்ணு! ரெண்டாக்கூட எடுத்துக்கோ! அப்பா கையில கத்தி இருக்கு, அவரை மட்டும் கோபப்படுத்தாதே!"

கோந்து நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பினாள். தான் மட்டும் போக மனம் வரவில்லை. தெருவுக்குள் போய் மற்ற மூவரையும் கூப்பிட்டாள். தையல்கடைக்காரர் மகன் முக்காலியோடு வந்தான். இரட்டையர் ஒரு பெஞ்சை ஆளுக்கொரு முனையாகத் தூக்கி வந்தார்கள். படி ஏறும்போது பெஞ்சு இடித்த இடியில் கட்டடமே அதிர்ந்தது.

"என்ன கூத்து இது?" என்றார் கணக்கு சார்.

"நாற்காலி இல்லைன்னு சொன்னீங்க சார். கொண்டாந்துட்டோம்."

"கொண்டாந்தா? எங்க போடறது? அறையில இடமே இல்லையே!"

நாற்காலிகள் ஆளுக்கொரு மூலையாகக் கால் நீட்டிக் கிடந்தன. கோந்து தலையிலிருந்ததை இறக்கி வைத்தாள்.

"இருக்கு சார். அகலத்துல பன்னிரண்டு கல், நீளத்துல பத்து. ஒரு ஆளுக்கு அகலத்துல ரெண்டு கல், கால் நீட்ட நீளத்துல மூணு கல். வரிசைக்கு ஆறு பேர், மூணு வரிசை, மொத்தம் பதினெட்டு. இங்க இருக்கறவங்க பதினாலு, நாங்க நாலு. சரியா வருது."

சார் வாயைத் திறந்தார். கோந்து விடவில்லை. அவள் குரல் சத்தமாகவே வந்தது.

"இடம் எப்பவும் இருந்துச்சு சார். எங்களுக்கு மட்டும்தான் இல்லாம போச்சு."

பெஞ்சுச் சத்தம் கேட்டு வந்த தலைமையாசிரியை வாசலில் நின்றிருந்தார். "இவங்க நாலு பேரும் மூணு கணக்கையும் சரியாப் போட்டாங்களா சார்?"

"போட்டாங்க மேடம். ஆனா..."

"ஆனா?"

சார் குனிந்து தரைக் கற்களை எண்ணத் தொடங்கினார்.

முதலில் எழுந்தவன் டாக்டர் வீட்டுப் பையன்தான். "பத்து கல்லுதான், நானும் எண்ணிட்டேன்" என்று சொல்லித் தன் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தினான். அவ்வளவுதான், எல்லோரும் கிறீச் கிறீச்சென்று இழுக்கத் தொடங்கினார்கள். சிவப்பு நாற்காலி முதல் வரிசையில் போய் அமர்ந்தது.

"மூணு மூணா ஒன்பது கல்தானே ஆச்சு? மிச்சம் ஒரு வரிசை இருக்கே?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"அது கரும்பலகை ஓரமா மேடம். சார் நின்னு பாடம் நடத்தறதுக்கு."

பதினெட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். இடம் கிடைக்காமல் வராந்தாவுக்குப் போனது ஒரே ஒரு நாற்காலிதான். அது கணக்கு சாருடையது.