கழித்த பின் மிஞ்சிய சத்தம்

எதுவுமே கேட்கக்கூடாத இடத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

ஜாக்சன் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். சேக்காட்டில் அவன் வீட்டின் பின்னறை. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தான். வெங்காயம் வதங்கும் வாசனை கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. சமையலறையில் அவன் மனைவி ஸ்டெஃபி. அவளுக்கு ஒத்தாசையாக அவன் கூட்டாளி விஷால்.

முந்தின நாள் மாலை சென்னீர்குப்பத்து மண்டபம் ஒன்றில் கொயர் கச்சேரி. எந்தக் கச்சேரியானாலும் மேடை மைக்குகளின் ஒலியை ஜாக்சன் ஒரே நேரத்தில் இரண்டு லேப்டாப்பில் பதிவு செய்வான். மேடை ஓரத்தில் ஒன்று, தன் கைக்கெட்டும் தூரத்தில். மேடைக்குப் பின்னால் சாமான் அறையில் இன்னொன்று, வேறு கரண்ட் லைனில், விஷாலின் காவலில். ஒன்று காலை வாரினாலும் மற்றது காப்பாற்றும்.

மறுநாள் சோதனை. இரண்டு பதிவுகளையும் சேர்த்து ஓடவிட்டு, ஒன்றின் ஒலி அலையை மட்டும் தலைகீழாகத் திருப்பிவிடுவான். இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான் என்றால் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும். முப்பது பேர் தொண்டை கிழியப் பாடிய பாட்டு இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அந்த அமைதியைக் கடைசி வரை கேட்டு முடிக்காமல் அவன் எதற்கும் சரி சொன்னதில்லை, பாதியில் எழுந்ததும் இல்லை.

"ஒண்ணுமே இல்லாதத உக்காந்து கேக்குற ஒரே மனுசன் இந்த ஊர்லயே நீங்கதான்" என்று ஸ்டெஃபி சிரிப்பாள்.

இன்று அமைதி வரவில்லை. பாட்டு கழிந்துபோயிருந்தது, ஆனால் அடியில் ஓர் அறை மிஞ்சியிருந்தது. குழல்விளக்கின் ரீங்காரம். பிஸ்கட் பாக்கெட் பிரியும் சத்தம். சுவருக்கு அப்பால் கொயர் மங்கலாக. ஜாக்சனுக்கு விஷயம் புரிந்தது. சாமான் அறை லேப்டாப்பின் சொந்த மைக்கை விஷால் அணைக்க மறந்திருக்கிறான். இரண்டு மணி நேரமும் அந்தச் சாமான் அறையே பதிவாகியிருக்கிறது.

'மாட்டுனியா மவனே' என்று நினைத்துக்கொண்டான்.

விஷாலுக்கு வாய் ஓயாது. மைக் டெஸ்ட் பண்ணச் சொன்னால் ஒரு பொதுக்கூட்டமே நடத்திவிடுவான். பதிவிலும் தனியாகப் பேசிக்கொண்டுதான் இருந்தான். "இன்னாடா கொசு இது, ஆளத் தூக்கினு போய்டும் போலகீதே." பிஸ்கட் கடிக்கும் சத்தம். தாளத்துக்குத் தொடையில் தட்டும் சத்தம். அதற்கு நடுவே அந்த மூச்சு. விஷாலுடையது இல்லை. மெதுவாக, ஈரமாக, மைக்குக்கு மிக அருகில், மேசைக்கு அடியில் யாரோ வெகுநேரமாகக் குந்தியிருப்பது போல வந்துகொண்டிருந்தது.

விஷாலும் கேட்டிருக்க வேண்டும். தொடைத்தட்டல் நின்றது.

"யாருப்பா அது? அண்ணாத்தே, இங்க யாரும் வரக்கூடாது. ரெகார்டிங் ஓடிகினு கீது."

நாற்காலி நகர்ந்தது.

"வெளிய வா. ஏய், இன்னா நீ..."

இரும்பு எலும்பில் மோதும் சத்தத்தை ஜாக்சன் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனாலும் கேட்டவுடன் தெரிந்தது. மைக் ஸ்டாண்டின் அடித்தட்டு, அந்தக் கனத்த வட்டத் தகடு. ஒரு முறை. விஷால் கத்தவில்லை, சின்னப் பிள்ளை போல "அம்மா" என்றான். மறுபடி இறங்கியது. மறுபடி. நான்காவது அடியில் தேங்காய் விரிசல் விடுவது போல ஏதோ பிளந்தது. குதிகால்கள் தரையில் படபடவென்று அடித்துக்கொண்டு, பிறகு ஓய்ந்தன. சுவருக்கு அப்பால் கூட்டம் கைதட்டியது.

ஜாக்சன் சிரிக்கப் பார்த்தான். விஷால் நேற்று அவனோடுதானே வேனில் வந்தான், பெட்டிகளைத் தூக்கினான், ஹாலில் படுத்து உறங்கினான்? இதோ, பத்தடி தள்ளிச் சமையலறையில் இருக்கிறான். இது விஷாலின் வேலை. தேங்காயை உடைத்து, வாயால் சத்தம் போட்டு விளையாடியிருக்கிறான். முழுவதையும் கேட்போம், கடைசியில் அவனே சிரித்து மாட்டிக்கொள்வான். அப்படி நினைத்துத்தான் ஜாக்சன் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தான்.

சிரிப்பு வரவில்லை. துணி கிழியும் சத்தம் வந்தது. பிறகு துணியை விடக் கனமான ஒன்று, நீளமாக, பொறுமையாகக் கிழிந்தது. ஈரமான எதையோ உதறி உதறி மாட்டிக்கொள்ளும் சத்தம். மூட்டுகள் ஒவ்வொன்றாகச் சொடுக்கின. அப்புறம் அந்த மூச்சு மைக்கை நெருங்கியது.

"ம...ச்சா."

குரலா அது? தண்ணீர் வராத குழாய் இருமுவது போல இருந்தது.

"மச்...சான்." கொஞ்சம் தேவலை. "மச்சான். மச்சான். மச்சான்." ஒவ்வொரு முறையும் ஒரு பிசிறு குறைந்தது. விஷாலின் அந்த மூக்கடைத்த இழுவை மெல்ல மெல்ல வந்து உட்கார்ந்தது. "முடிஞ்சிச்சா. முடிஞ்சிச்சா மச்சான்? நா எத்துகினு வரேன். நா எத்துகினு வரேன்."

நேற்று கச்சேரி முடிந்ததிலிருந்து விஷால் பேசியது மொத்தமே இவ்வளவுதான். மச்சான். முடிஞ்சிச்சா. நா எத்துகினு வரேன். வழக்கமாக வாயை மூடாதவன், களைத்துவிட்டான் போல என்று ஜாக்சன்தான் சமாதானம் செய்துகொண்டிருந்தான். அந்தப் பிசாசைத் தன் கையாலேயே வீட்டுக்குள் கூட்டிவந்து பாயும் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

ஸ்டெஃபி.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். வீடு முழுக்க மிக்ஸி அலறிக்கொண்டிருந்தது. எதையும் அரைக்காமல், வெறும் ஜாடி சுற்றும் சத்தம். எவ்வளவு நேரமாக? தெரியவில்லை. காதை அடைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்கவா?

"ஸ்டெஃபி!"

மிக்ஸி நிற்கவில்லை. வெங்காயம் கருகி நாறியது. அதற்கு அடியில் வேறொரு வாடை, கறிக்கடை வாசலில் காலையில் அடிக்குமே, அது.

வாசல் பக்கமாக ஓடிவிடலாம் என்று தோன்றியது. அவளை அவனுக்கு அவ்வளவு பிடிக்கும். அதனால்தான் ஓடவில்லை. மூலையில் கிடந்த கேபிள் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டான். நடை. ஹால். சாப்பாட்டு மேசை. சமையலறை வாசலில் தரை வழுக்கியது. கீழே பார்க்கவில்லை.

பார்த்தான்.

வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் விஷால் கிடந்தான். கிடந்தது விஷால் இல்லை, விஷாலின் தோல். உள்ளே எதுவும் இல்லாமல், அவிழ்த்துப் போட்ட ஈரச் சட்டை போலச் சுருண்டு கிடந்தது. தலைமுடி அப்படியே இருந்தது. கைவிரல்கள் காலி கையுறை மாதிரி மடிந்திருந்தன. அதற்கும் அடுப்புக்கும் நடுவே சிவப்பாக, தோலே இல்லாமல், முடியே இல்லாத ஒரு தலையோடு யாரோ குப்புறக் கிடந்தார்கள். காலில் ஸ்டெஃபியின் மெட்டி.

அடுப்படியில் ஸ்டெஃபி நின்றிருந்தாள். அவளுடைய பச்சை நைட்டி, முதுகெல்லாம் நனைந்து. அவளுடைய பின்னல். சுவரைப் பார்த்து நின்றபடி கரண்டியால் கருகிப்போன வாணலியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

கை நீண்டு மிக்ஸியை நிறுத்தியது.

"ஏ...ங்க" என்றது. விஷாலின் குரல்.

கத்தி எப்போது கீழே விழுந்தது என்று ஜாக்சனுக்குத் தெரியாது.

"ஏங்க." கொஞ்சம் மெலிந்தது. "ஏங்க. ஏங்க." ஒவ்வொரு முறையும் ஒரு பிசிறு குறைந்தது. "ஏங்க."

அவளேதான். காலையில் எழுப்புகிற அதே குரல், அதே செல்லமான சலிப்பு.

"ஏங்க, சாப்பிட வாங்க" என்று சொல்லிக்கொண்டே அது திரும்பியது. முகத்தின் இடப்பக்கம் இன்னும் சரியாகப் பொருந்தவில்லை. அவனைப் பார்த்துச் சிரித்தபடியே, இரண்டு விரலால் கன்னத்தைப் பிடித்து, காதுவரை இழுத்துச் சரிசெய்துகொண்டது.